ஆறாவது மேசையின் ஊசி

எங்கள் ஊரில் ஒருவரைக் குத்திக்காட்டக் கெட்ட வார்த்தை எதுவும் தேவையில்லை. "வேண்டாம்" என்ற ஒரு சொல் போதும். ஆற்றுக்கு இந்தக் கரையில் பெலிக்கன் பாயிண்ட், அந்தக் கரையில் ராக்கெட் ஏவுதளம். ராக்கெட் கிளம்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால், கட்டுப்பாட்டு அறையில் தலைவர் ஒவ்வொரு மேசையையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். "வானிலை?" "போகலாம்." "வழிகாட்டல்?" "போகலாம்." அத்தனை மேசையும் போகலாம் என்றால்தான் ராக்கெட் போகும். இந்த வரிசை எங்கள் ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் மனப்பாடம். காரில் குடும்பத்தோடு கடற்கரைக்குக் கிளம்பும்போதுகூட, "சீட் பெல்ட்?" "போகலாம்." "தண்ணீர் பாட்டில்?" "போகலாம்" என்று கேட்டுத்தான் வண்டியை எடுப்போம்.

என் அப்பா வெர்னன் லாசிட்டர் எரிபொருள் மேசையில் பன்னிரண்டு வருடம் உட்கார்ந்தவர். எனக்குப் பதினொரு வயது நடந்தபோது, ஒரு ஜூலை மாதக் காலையில், அவர் "வேண்டாம்" என்றார்.

அது சாதாரண நாளாக இருந்திருந்தால் மறுநாள் அனுப்பியிருப்பார்கள், ஊரும் மறந்திருக்கும். ஆனால் அது செவ்வாய்க்குப் போகும் ராக்கெட். செவ்வாய் வாகான இடத்துக்கு வந்து நிற்பது இருபத்தாறு மாதத்துக்கு ஒரு தடவை, சில வாரங்கள் மட்டும்; அன்று கடைசி நாள். ஆற்றங்கரை முழுக்க மடக்கு நாற்காலி. எங்கள் வகுப்பே தொப்பியும் தூரக்கண்ணாடியுமாக வரிசையில் உட்கார்ந்திருந்தது. ஒலிபெருக்கியில் ஆறாவதாக என் அப்பாவின் குரல் வந்தது. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் முதலில் புரியாமல் சிரித்தார்கள்.

பிறகு எரிபொருள் தொட்டியைப் பிரித்துப் பார்த்தபோது, தொட்டியில் கோளாறு எதுவும் அகப்படவில்லை, அழுத்தத்தைக் காட்டும் சென்சார்தான் கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். அவ்வளவுதான், வெறும் வாயை மெல்லும் ஊருக்கு அவல் கிடைத்துவிட்டது. ஓட்டை சென்சாரை நம்பி செவ்வாயைக் கோட்டைவிட்டவன் என்றார்கள். வேண்டாம் வெர்னன் என்று பெயர் வைத்தார்கள். ஹேச்சர் மோட்டல்காரர், கூட்டமெல்லாம் அன்று மாலையே கிளம்பிப்போன எரிச்சலில், வாசல் பலகையில் ஆளுயர எழுத்தில் மாட்டி வைத்தார்: "எல்லா அறையும் காலி. நன்றி, வெர்னன்." கோடை வகுப்புக்குப் போகும் பள்ளிக்கூடப் பஸ் அந்தப் பலகையைத் தாண்டித்தான் போகும். நான் ஒரு வாரம் கண்ணை மூடிக்கொண்டு போனேன்.

அப்பாவை யாரும் உடனே வேலையைவிட்டு அனுப்பவில்லை. அடுத்த வருடம் கம்பெனி ஆள் குறைத்தபோது பட்டியலில் அவர் பெயர் இருந்தது. இப்போது படகுத்துறையில் மோட்டார் பழுது பார்க்கிறார். இதெல்லாம் அவருக்கு ஊர் செய்தது. நான் செய்தது வேறு. அந்த ஜூலை நாளன்று, அவர் வீட்டுக்கு வந்து சமையலறைத் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தபோது, நான் பின்னால் நின்று கேட்டேன்: "எல்லாரும் போகலாம்னு சொன்னாங்கல்ல? உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" அவர் திரும்பவில்லை. கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவினார். அதற்கப்புறம் ஆறு வருடம் எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அப்படிப்பட்ட நான், பள்ளி இறுதி வருடத்தில், ராக்கெட் பற்றிய கண்காட்சி அமைக்கும் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். விதி ஒன்றுமில்லை, மட்பாண்ட வகுப்பில் இடம் தீர்ந்துவிட்டது.

ஆற்றோர நூலகத்தின் முன்கூடத்தில் நிரந்தரமாக வைக்க, விண்வெளிப் பயணம் பற்றி ஒரு காட்சியை மாணவர்களே வடிவமைக்க வேண்டும். யோசனை மோட்டல்காரரின் மகன் பிராண்ட்லி ஹேச்சருடையது. நல்ல யோசனைதான், என் வாயால் சொல்கிறேன். எட்டு பழைய பள்ளி மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு அளவுமானி, ஒரு பச்சை பட்டன். வருகிறவர்கள் எட்டு பேர் உட்காருவார்கள், ஒலிபெருக்கி ஒவ்வொரு மேசையாகக் கூப்பிடும், எட்டு பச்சையும் விழுந்தால் நடுவில் நிற்கும் பன்னிரண்டடி ராக்கெட் கப்பி போட்டு மேலே ஏறும். தரை அதிரும், விசிறி காற்றடிக்கும், முழங்கால்வரை புகை வரும். மின்வேலை முழுக்க மரிபெல் கிஞோனெஸ். வயர்களை ஒட்டச் சாலிடர் வைக்கும்போது ஸ்பானியப் பாட்டு முனகுவாள், பாட்டு நின்றால் எதுவோ கருகிவிட்டது என்று அர்த்தம். அளவுமானிகளின் முகமும் சுவரில் ஒட்டும் எழுத்தும் என் பொறுப்பு.

எந்த மேசைக்கு எந்தப் பெயர் என்று முடிவு செய்த அன்று, ஆறாவது எரிபொருள் என்றபோது மூவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. பிராண்ட்லி அவசரமாக ஏழாவதுக்குப் போனான்.

திறப்பு விழாவுக்கு மூன்று வாரம் முன்பு, மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டுப் பிள்ளைகளைக் கூட்டிவந்து சோதித்துப் பார்த்தோம். பிராண்ட்லி மைக்கில் கூப்பிட்டான். ஐந்து மேசைப் பச்சையும் டப் டப்பென்று விழுந்தது.

"எரிபொருள்?"

ஆறாவது பச்சை விழவில்லை.

"எரிபொருள்?"

ஆறாவது மேசையில் ஜோசி என்ற சின்னப் பெண். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. அவள் மேசைக்கு அடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"ஏய், அமுக்குடீ!" என்றான் பக்கத்து மேசைப் பையன்.

"உன்னாலதான் எல்லாம் லேட்டு!" என்றது இன்னொரு குரல்.

பிராண்ட்லி மைக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தான். "கண்ணு, அந்தப் பச்சை பட்டன் இருக்குல்ல, அதை அமுக்கு. அவ்ளோதான்."

"மாட்டேன். ஊசி சிவப்புல நிக்குது."

"அது சும்மா ஸ்டிக்கர்மா."

"அப்ப எதுக்கு வெச்சீங்க?"

அவள் மறுபடி மேசைக்கு அடியில் பார்த்தாள். இன்னொரு பட்டனைத் தேடுகிறாள் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் பக்கத்துப் பையன் எட்டி அவளுடைய பச்சையை அவனே அறைந்துவிட்டான். எட்டும் விழுந்தது, புகை வந்தது, ராக்கெட் ஏறியது, பிள்ளைகள் கூச்சலிட்டார்கள். ஜோசி மட்டும் மேசைமேல் குப்புறக் கவிழ்ந்து இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். அது வெடிக்கப்போகிறது என்று காத்திருந்தாள்.

பிள்ளைகள் போனபின் ஆறாவது மேசையருகே போய்ப் பார்த்தேன். உண்மைதான். எட்டு முகமும் நான்தான் ஒட்டினேன். ஏழில் ஊசி பச்சையில் இருந்தது, ஆறாவதில் முகத்தைக் கோணலாக ஒட்டியதில் ஊசி சிவப்பில் போய் நின்றுவிட்டது. சோதனைக்காக அந்த மேசையில் நாங்கள் மூவரும் முப்பது நாற்பது தடவையாவது பட்டனை அமுக்கியிருப்போம். ஒருவர்கூட ஊசியைப் பார்க்கவில்லை. கூப்பிட்டால் போகலாம் என்று சொல்லிப் பழகிய ஊர்க்காரர்கள். எரிபொருள்காரன் மகள் நானே பார்க்கவில்லை என்றால் வேறு யாரைச் சொல்ல?

"அஞ்சு நிமிஷ வேலை. கிழிச்சுட்டு நேரா ஒட்டு," என்றான் பிராண்ட்லி.

"ஒட்டமாட்டேன்."

"என்னது?"

"சிவப்பு பட்டன் வைக்கணும். எட்டு மேசைலயும்."

"உனக்கென்ன பைத்தியமா? எவனாவது ஒருத்தன் விளையாட்டுக்கு அமுக்குவான், ராக்கெட் அப்படியே நிக்கும். ராக்கெட் நிக்கிறதைப் பாக்க எவன் நூலகத்துக்கு வருவான்?"

"அப்ப எதுக்குக் கேக்குற? 'எரிபொருள்? எரிபொருள்?'னு மைக்ல எதுக்குக் கத்துற? ஒரே பதில்தான் சொல்லணும்னா அது கேள்வியாடா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அது ஊரறிந்தது. மரிபெல் சாலிடர் துப்பாக்கியைக் கீழே வைத்தாள்.

"வயர் இழுக்கிறது எனக்குப் பெரிய விஷயமில்ல," என்றாள். "ஆனா சிவப்பை அமுக்கினா என்ன நடக்கும்? அதைச் சொல்லு."

"ஒண்ணும் நடக்காது. ராக்கெட் போகாது."

"ஒண்ணும் நடக்காததை எப்படிடீ காட்சியா வைக்கிறது?"

எங்கள் ஆசிரியை பெல்லட்டியர் மிஸ் இதுவரை கதவருகே அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு நின்றிருந்தார். "கேள்வி நல்ல கேள்வி," என்றார். "சிவப்பை அமுக்கினா என்ன நடக்கும்னு திங்கக்கிழமை காலைல என் மேசைல எழுதி வை, கொரீன். 'ஒண்ணும் நடக்காது'ன்னு எழுதிட்டு வந்தா ஏத்துக்கமாட்டேன். ஸ்டிக்கரைக் கிழிச்சு ஒட்டிடுவோம்."

அதை யாரிடம் கேட்க வேண்டும் என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். யாரும் பெயரைச் சொல்லவில்லை, அந்த மட்டுக்கு நாகரிகம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் படகுத்துறைக்குப் போனேன். அப்பா ஒரு மோட்டாரைப் பிரித்துத் துணிமேல் பரப்பி வைத்திருந்தார். வழியில் வாங்கிய அவித்த கடலையை நடுவில் வைத்து, எதிரே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். இருவரும் பத்துப் பத்து கடலை உரித்தோம்.

"என்ன குட்டி, கடலை குடுக்கவா இவ்வளவு தூரம் வந்த?"

"ஒரு விஷயம் கேக்கணும். பள்ளிக்கூட வேலைக்கு."

"கேளு."

"ஒருத்தர் வேண்டாம்னு சொன்னா, அப்புறம் அந்த ரூம்ல என்ன நடக்கும்?"

ஸ்பானர் சுற்றிக்கொண்டிருந்தது, நின்றது. கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நிறைய நடக்கும்," என்றார். "முதல்ல சத்தம் நிக்கும். அந்த ரூம்ல எப்பவும் ஒரு முணுமுணுப்பு இருந்துக்கிட்டே இருக்கும், அது நிக்கும். ஒரு நாலு செகண்டு. அந்த நாலு செகண்டு ரொம்பப் பெருசு. அப்புறம் தலைவர் சொல்லுவாரு, 'எரிபொருள், கேட்டாச்சு. நன்றி.'"

"நன்றியா?"

"ஆமா. யார் சொன்னாலும், எதுக்குச் சொன்னாலும். ஏன்னு அந்த நேரத்துல கேக்கமாட்டாங்க. நன்றி சொல்லணும்ங்கறது அந்த ரூம்ல பழக்கம். இல்லேன்னா அடுத்த தடவை எவனும் வாயைத் திறக்கமாட்டான்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் தொட்டியை காலி பண்ணணும். ஆறு மணி நேரம். ஒருத்தரும் நாற்காலியை விட்டு எந்திரிக்க முடியாது. ராக்கெட் கிளம்பியிருந்தா ரெண்டு மணி நேரத்துல வீட்டுக்குப் போயிருப்பாங்க, இப்ப எல்லாரும் என்னோட உக்காந்திருக்காங்க. யாரும் ஒண்ணும் சொல்லல." ஒரு கடலையை உரித்து வாயில் போட்டுக்கொண்டார். "அந்த பீன்ஸ்தான் கஷ்டமா போச்சு."

ராக்கெட் கிளம்பும் நாளில் கட்டுப்பாட்டு அறைக்குப் பக்கத்தில் காலையிலிருந்தே பெரிய பானையில் பன்றித்தொடை போட்டு பீன்ஸ் வேகும். ராக்கெட் போனதும் எல்லோரும் நின்றபடியே பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவார்கள். அந்தக் கரையில் அது பல காலத்து வழக்கம். போகாத நாளில் யாரும் தொடமாட்டார்கள்.

"நாள் பூரா வெந்த பானை. வாசனை நாற்காலி வரைக்கும் வருது. சாயங்காலம் ரெண்டு பேர் தூக்கிட்டு என் மேசையைத் தாண்டித்தான் போனாங்க. குப்பைல கொட்ட. எல்லாருக்கும் பசி." சிரிக்கப் பார்த்தார். "செவ்வாய்கூட அப்ப ஞாபகம் வரல குட்டி. அந்தப் பானைதான்."

நான் கேட்டேன். "சொன்னது தப்போன்னு நினைச்சிருக்கீங்களாப்பா?"

"தெரியாது. போயிருந்தா தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுக்கறதுக்காக அனுப்பிப் பாக்க முடியுமா?"

அவர் ஸ்பானரை மறுபடி எடுத்தார். நான் அப்போது சொல்லியிருக்க வேண்டும். பதினொரு வயதில் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று ஒரு வரி. நாக்கு நுனிவரை வந்தது. ஊரெல்லாம் வாயாடி என்று பெயரெடுத்தவள், கடலைத் தோலைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

திங்கட்கிழமை பெல்லட்டியர் மிஸ்ஸின் மேசையில் ஒன்றரைப் பக்கம் வைத்தேன். அவர் படித்துவிட்டு பிராண்ட்லியிடம் நீட்டினார். அவன் படித்தான். இரண்டாம் தடவை படித்தான். தாளை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ராக்கெட் அருகே போய் நின்றான்.

அன்று சாயங்காலம் நான் தனியாக எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தபோது வந்தான்.

"அந்தப் பலகை," என்றான். "எங்க மோட்டல் பலகை. 'நன்றி, வெர்னன்.'"

"அதுக்கென்ன?"

"அப்பா எழுத்தை எடுத்துக் குடுத்தாரு. ஏணில ஏறி மாட்டினது நான்தான்."

"எனக்குத் தெரியும்டா. நீ மாட்டும்போதே பஸ்லேர்ந்து பாத்தேன்."

"தெரியுமா? ஆறு வருஷமாவா?"

"ஒன்பதாம் வகுப்புல உன் சைக்கிள் காத்து யார் புடுங்கினதுன்னு நினைக்கிற?"

அவன் வாயைப் பிளந்தான். பிறகு சிரித்தான். பிறகு கையைத் தட்டிவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கியவன் குரலில் சொன்னான்: "சரி கேளு. நிக்கிற ராக்கெட்டைக் காட்டணும்னா நல்லா நிக்கணும். சிவப்பு விழுந்தா கூடத்துல எல்லாச் சத்தமும் போயிடும், விசிறி உட்பட. நாலு செகண்டு. அப்புறம் ராக்கெட் பக்கத்துலேர்ந்து வெள்ளையா ஆவி மட்டும் மெதுவா இறங்கும், தொட்டி காலியாகற மாதிரி. கீழேர்ந்து ஒரே ஒரு விளக்கு. அது ஏறுறதைவிட நல்லா இருக்கும். இல்லன்னா என்னைக் கேளு."

பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்பவன், ஆனால் கால் நான்கு என்று தெரிந்துவிட்டால் நான்கையும் அவனே எண்ணிக் காட்டுவான். அடுத்த பத்து நாள் அந்த ஆவிக்காக நூலகத் தரையை மூன்று தடவை நனைத்தான். மரிபெல் ஊசிகளுக்குச் சின்ன மோட்டார் வைத்தாள். இப்போது ஊசி தானாக நகரும். பெரும்பாலும் எட்டும் பச்சையில் நிற்கும், ஐந்து ஆட்டத்துக்கு ஒருமுறை எங்கோ ஒரு மேசையில் சிவப்புக்குப் போகும், எந்த மேசை என்று எங்களுக்கே தெரியாது. சோதிக்க ஜோசியைத் திரும்பக் கூட்டிவந்தோம். அவள் முதலில் சிவப்பு பட்டன் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். அன்று அவள் ஊசி பச்சையில் நின்றது; திருப்தியாகப் பச்சையை அமுக்கினாள்.

கூப்பிடும் குரல் பிராண்ட்லியுடையது. சிவப்புக்கு வரும் பதிலை மட்டும் நான் பேச வேண்டும் என்று மரிபெல் அடம்பிடித்தாள். "நீதான் சொல்லணும். உனக்கே தெரியும்," என்றாள். பதினான்கு தடவை பேசிப் பதிவு செய்தோம். எட்டு மேசைக்கும் எட்டு பதில். ஆறாவதை மட்டும் நான் கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்: "எரிபொருள், கேட்டாச்சு. நன்றி."

என் திட்டம் இதுதான், ஒளிக்கவில்லை: திறப்பு விழாவுக்கு அப்பா வருவார், ஆறாவது மேசையில் உட்காருவார், சிவப்பை அமுக்குவார், என் குரல் கேட்கும். நேருக்கு நேர் சொல்ல வராததை ஒலிபெருக்கி சொல்லிவிடும். கோழைத்தனம்தான். ஆனால் நன்றாக வயரிங் செய்த கோழைத்தனம்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை. கூடம் நிறைந்திருந்தது. பிராண்ட்லி வீட்டிலிருந்து மின்பானையில் பீன்ஸ் கொண்டுவந்து மூலையில் வைத்திருந்தான், வாசனை ஆளைத் தூக்கியது. அப்பா தேவாலயத்துக்குப் போடும் சட்டையில் வந்தார். அந்தக் கரையில் அவரோடு வேலை பார்த்தவர்கள் நான்கைந்து பேர் எழுந்து கை குலுக்கினார்கள். ராக்கெட் சம்பந்தப்பட்ட எந்த இடத்துக்கும் அவர் ஆறு வருடமாக வந்ததில்லை.

நூலகக் குழுவில் ஹேச்சர் மோட்டல்காரரும் உண்டு. முதல் ஆட்டத்துக்கு எட்டு பேரை அவர்தான் அழைத்தார். "எரிபொருளுக்கு ஆள் நம்மகிட்டயே இருக்கே! வா வெர்னன்!" என்று ஏழு பேருக்குக் கேட்க வேண்டியதை எழுபது பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். "இன்னைக்காவது போகலாம்னு சொல்லுவியாப்பா?"

கூடம் சிரித்தது. பிராண்ட்லி தன் அப்பாவை முறைத்த முறைப்பை நான் பார்த்தேன். என் அப்பாவும் சிரித்தார், மரியாதைக்கு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆறாவது மேசையில் உட்கார்ந்தார். நாற்காலியை இரண்டு அங்குலம் முன்னால் இழுத்தார், பழக்கம் விடவில்லை. நான் சுவரோரம், அமுக்குங்கப்பா, சிவப்பை அமுக்குங்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன். இந்த ஊர் முகத்தில் அறைகிற மாதிரி அமுக்குங்க.

"வானிலை?" பச்சை. "வழிகாட்டல்?" பச்சை. மூன்று, நான்கு, ஐந்து.

"எரிபொருள்?"

அப்பா குனிந்து ஊசியைப் பார்த்தார். தலையைக் கொஞ்சம் சாய்த்து இன்னொரு கோணத்தில் பார்த்தார். சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது. ஹேச்சர்கூட வாயை மூடிக்கொண்டார். அப்பா கையை நீட்டி, பச்சையை அமுக்கினார்.

கூடம் கைதட்டியது. "சொல்லிட்டான்யா! கடைசில சொல்லிட்டான்!" என்று யாரோ கத்தினார்கள். ஏழும் எட்டும் விழுந்தன. தரை அதிர்ந்தது, புகை வந்தது, ராக்கெட் கூரைவரை ஏறிப்போனது. அப்பா நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது.

எனக்கு அழுகை முட்டியது. ஊருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கழித்து, ஒரு விளையாட்டு ராக்கெட் முன்னால், கேலிக்குத் தலை குனிந்துவிட்டார். கூட்டத்தை இடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் போனேன்.

"ஏம்ப்பா சிவப்பை அமுக்கல? அதுக்குன்னே வெச்சோம். உங்களுக்குன்னே வெச்சோம்."

அவர் என்னை ஒன்றும் புரியாமல் பார்த்தார். பிறகு மேசையைக் காட்டினார். "ஊசி பச்சைல நிக்குதே குட்டி."

நான் குனிந்து பார்த்தேன். நட்ட நடுப் பச்சையில் நின்றது.

"ஊசி என்ன சொல்லுச்சோ அதைத்தான் சொன்னேன்," என்றார். "அன்னைக்கும் அதேதான்."

நான் கண்ணை மூடிக்கொண்டு பதிவு செய்த குரல் பெட்டிக்குள் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அது இன்று வரப்போவதில்லை. மூலையில் பிராண்ட்லி கரண்டியால் பானையைத் தட்டி, "போயாச்சு! எல்லாரும் வாங்க!" என்று கத்திக்கொண்டிருந்தான். முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையைத் தாண்டி நேராக எங்களிடம் வந்தான். "மிஸ்டர் லாசிட்டர், உங்களுது," என்று நீட்டிவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்விட்டான்.

அப்பா கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆவி அவர் கண்ணாடியில் படிந்தது.

"அப்பா," என்றேன். "அன்னைக்கு நீங்க கை கழுவும்போது நான் ஒண்ணு கேட்டேன்."

"ம்."

"கேட்டிருக்கக் கூடாது. அன்னைக்கு நீங்க சொன்னதுக்கு நன்றிப்பா."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. நான்கு நொடி இருக்கும். ரொம்பப் பெரிய நான்கு நொடி.

"கேட்டாச்சு," என்றார் அப்பா. கரண்டியை எடுத்து, நின்றபடியே பீன்ஸைச் சாப்பிட ஆரம்பித்தார்.